எண்ணூறு அடிக் கேபிளும் ஒரு முழ ஒயரும்

மெஹராஜுக்குப் பிடிக்காத எண் ஒன்று உண்டென்றால் அது ஐந்துதான். ஐந்து மீட்டர். கம்ப்யூட்டரிலிருந்து கேமராவுக்கோ பிரிண்டருக்கோ போகிற யூ.எஸ்.பி. ஒயர் அதற்கு மேல் நீண்டால் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்துவிடும். முதலில் நன்றாக வேலை செய்வதுபோல் நம்ப வைக்கும். பிறகு நாம் டீ குடிக்க எழுந்து போகிற சமயம் பார்த்துக் காலை வாரிவிடும். இதை உண்டாக்கிய புண்ணியவான்கள் ஒரு மேசையையும் அதன்மேல் ஒரு பிரிண்டரையும் மட்டுமே மனத்தில் வைத்திருக்க வேண்டும். கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தையோ அன்னூர்க் காட்டையோ அவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை. மெஹராஜின் பிழைப்போ அங்கேதான் இருந்தது.

கோவை கோட்டைமேட்டில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர்கள் வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய ஒரு சந்தில் அவள் வீடு. முன்னறைதான் கடை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "சர்வீஸ் பண்றவர் எப்பங்க வருவாரு?" என்று கேட்பார்கள். "இதா, வந்துட்டாருங்க" என்று சொல்லி அவளே ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள். கணவர் ஷேக் பரீத்துக்கு மார்க்கெட்டில் பழக்கடை. தங்கமான மனிதர், ஒரு கேள்வி கேட்டால் பதில் வர அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஐந்து மீட்டர் அவளை முதலில் அவமானப்படுத்தியது கருமத்தம்பட்டியில். தறிக்கூடத்தில் துணி சுருண்டு இறங்குகிற இடத்தில் ஒரு கேமரா வேண்டும், படம் ஆபீஸ் ரூமில் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. நடுவே இருபத்திரண்டு மீட்டர். நான்கைந்து ஒயர்களை ஒன்றோடொன்று மாட்டி மெஹராஜ் படத்தைக் கொண்டுவந்துவிட்டாள். முதலாளி கைகூடக் கொடுத்தார். தறிகளை ஓட்டியதும் படம் போய்விட்டது. நிறுத்தினால் வந்தது, ஓட்டினால் போனது. இரண்டு நாள் பஞ்சுத் தூசிக்குள் உட்கார்ந்து அவள் காரணம் தேடினாள்.

காரணம் ஒன்றல்ல, மூன்று. மெல்லிய செம்பு ஒயரில் புறப்படுகிற ஐந்து வோல்ட், வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போவதுபோல, போகப்போக இளைத்துவிடுகிறது. தறி மோட்டாருக்குப் போகிற கரண்ட் லைனை ஒட்டியே அவள் ஒயரை இழுத்திருந்ததால் மோட்டாரின் இரைச்சல் இதிலும் ஏறிக்கொண்டது. இந்த இரண்டையும் யாரும் ஒத்துக்கொள்ளலாம். மூன்றாவது காரணத்தைப் படித்தபோதுதான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கேமராவோ பிரிண்டரோ தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். கம்ப்யூட்டரும் விடாமல், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதை விசாரித்துக்கொண்டே இருக்கும். கேட்ட கையோடு பதில் வரவேண்டும். வரவில்லையென்றால் அங்கே ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

"கண்ணு சிமிட்டற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குதான் காத்திருக்குமாம் ஜாவித்" என்றாள் தம்பியிடம். ஜாவித் வேன் ஓட்டுகிறவன். அவளோடு எல்லா இடத்துக்கும் போகிறவன். "கரண்டு ஓடுற வேகம் தெரியுமில்ல? அதுக்கே ஒயர் நீளமாச்சுன்னா நேரம் பத்தலியாம்."

"மச்சானை யூ.எஸ்.பி.ல மாட்டுனா பொழைக்கவே மாட்டாருக்கா" என்றான் ஜாவித்.

அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் கையில் பிடித்துச் சொருகிய அந்தத் தட்டை வாய்க்குள் இப்படி ஒரு கேள்வியும் பதிலும் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறதே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வழியும் இருந்தது. இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று கம்ப்யூட்டர் பக்கத்தில், இன்னொன்று தூரத்தில் இருக்கிற கேமராவின் பக்கத்தில். கம்ப்யூட்டர் கேட்டதும் இந்தப் பக்கத்துப் பெட்டி, "சித்த இருங்க, இதா வந்துட்டே இருக்குதுங்க" என்று பணிவாகச் சொல்லிச் சமாளிக்கும். அதற்குள் தூரத்துப் பெட்டியிடமிருந்து உண்மையான பதிலை வாங்கிக் கொடுத்துவிடும். இவ்வளவு மரியாதையாக ஒருவரைக் காக்கவைக்கத் தெரிந்த பெட்டி நம் கோயமுத்தூரில் பிறந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பது மெஹராஜின் கட்சி. தறிக்கூடத்துக் கேமரா இன்றும் ஓடுகிறது.

அதன்பிறகு நீளம் என்று யார் வந்தாலும் அவளிடம்தான் அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்னூர்ப் பக்கம் போர் போடுகிற லாரிக்காரர் ஒருவர், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்க்கிற பழைய கேமரா ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். சரி செய்து அவர் எதிரிலேயே ஒரு போரில் இறக்கிப் பார்த்தாள். மழையில் நனைந்த பேப்பரில் போட்டோ தெரிவதுபோல் ஒரு படம் தெரிந்தது. அந்தக் கலங்கலுக்குள்ளும் ஒரு கணம் பாறை பளிச்சென்று மின்னி மறைந்தது. வெளிச்சம் என்ற ஒன்றையே அதற்கு முன் கண்டிராத பாறை. மெஹராஜுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தெளிவாகப் பார்த்தே ஆகவேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

நல்ல யூ.எஸ்.பி. கேமரா ஒன்றை எடுத்தாள். அன்னூர்ப் பக்கத்துப் போர் எண்ணூறு அடி போகும்; அவ்வளவு தூரத்துக்கு ஐந்து வோல்ட் போய்ச் சேராது. அதனால் மேலிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் அனுப்பி, அடியில் அதை ஐந்தாகக் குறைத்தாள். படத்தைச் செம்பில் நம்பாமல் முடியளவு கண்ணாடி இழையில் ஏற்றினாள். தூரத்துப் பெட்டியை உரித்து, உள்ளிருந்த சர்க்யூட் அட்டையை மட்டும் எடுத்து, இரண்டு அங்குல எவர்சில்வர் குழாய்க்குள் கேமராவுக்குப் பின்னால் அடைத்தாள். இரண்டு கேமராக்கள் தண்ணீர் குடித்துச் செத்தன. மூன்றாவது பிழைத்தது. உக்கடம் பெரியகுளக் கரையில் எண்ணூறு அடிக் கேபிளையும் விரித்துப்போட்டு, ஒரு முனையில் ஜாவித் இளித்துக்கொண்டு நிற்க, மறுமுனையில் லேப்டாப்பில் அவன் பல்லை எண்ணினாள். காலை நடைக்கு வந்தவர்கள் ஏதோ கவர்மென்ட் சர்வே என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அன்னூருக்கு வடக்கே மாசாணியம்மாளின் காட்டுக்குப் போனது அந்தக் கேமராவோடுதான்.

மாசாணியம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வயதிலிருந்து அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர். அவர் அம்மாவும் அப்படியே, அம்மாவின் அம்மாவும் அப்படியே. வம்சத்திலேயே முதல்முதலாகத் தன் பெயரில் பட்டா வாங்கியவர் அவர்தான். ஒன்றரை ஏக்கர், முழுக்கக் கறிவேப்பிலை. போன கோடையில் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்தது. மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதற்குப் பிறகு லாரித் தண்ணீரில் பாதிச் செடி பிழைத்தது, பாதி காய்ந்தது. வீட்டுமனை போடுகிற பார்ட்டி ஒன்று கேட்டு வந்தது. மகன் நஞ்சுண்டன் பேசி முடித்துவிட்டான். திங்கட்கிழமை கிரயம்.

நஞ்சுண்டன் கெட்டவன் இல்லை. அம்மா தண்ணீர் லாரிக்காரனிடம் கெஞ்சுவதை ஆறு மாதம் பார்த்துச் சலித்தவன். "கல்லப் போட்டுப் பாத்துட்டனுங்க" என்றான் மெஹராஜிடம். "ஒண்ணுக்கு மூணு தடவ. தண்ணி இருந்தா சளக்குனு கேக்குமில்லீங்க? டக்குனு காஞ்ச சத்தம்தான் வந்துச்சு. பக்கத்துக் கொளம் ரொம்பி, பக்கத்துக் காட்டுப் போர்ல தண்ணி வந்துருச்சுன்னு அம்மா ஒரே புடியா நிக்குது. ஒருக்காப் பாத்துப்போட்டு மனசத் தேத்திக்கட்டும்னுதானுங்க உங்களக் கூப்புட்டது."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

கேமராவை இறக்குவதற்கு முன் மாசாணியம்மாள் தட்டோடு வந்துவிட்டார். கற்பூரம், தேங்காய், மஞ்சள் தண்ணீரில் தாராளமாகக் கரைத்த சந்தனம், குங்குமம். நம் ஊரில் லாரியானாலும் தறியானாலும் கால்குலேட்டரானாலும் பொட்டு வைக்காமல் வேலை தொடங்க மாட்டோம். கேபிள் சுற்றிய உருளைக்கு ஒன்று, முக்காலிக்கு ஒன்று, எவர்சில்வர் குழாய்க்கு ஒன்று. மெஹராஜ் கையைக் குவித்து லென்ஸை மட்டும் மறைத்துக்கொண்டு, "கண்ணாடில மட்டும் வேண்டாங்க்கா" என்றாள். லேப்டாப் மூடிக்கும், அதன் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிக்கும் பொட்டு விழுந்தது. அதே வேகத்தில் ஜாவித்தின் நெற்றிக்கும் விரல் நீண்டு, பாதியில் நினைவு வந்து, வெட்கச் சிரிப்போடு திரும்பியது. அந்தச் சிரிப்பில் எல்லாருமே கலந்துகொண்டார்கள். மெஹராஜும் சிரித்தபடியே லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழ ஒயரைச் சொருகினாள்.

வேன் கதவோரம் போர்வையைத் தொங்கவிட்டு நிழல் பண்ணி, அம்மாவையும் மகனையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். ஜாவித் உருளையைச் சுற்ற, கேமரா இறங்கியது. முதல் அறுபது அடிக்கு நீல பிளாஸ்டிக் குழாய். அதற்குக் கீழே பாறை தொடங்கியது. நூறு அடி. நூற்று இருபது. நூற்று நாற்பதில் படம் போய்விட்டது.

திரை வெறும் கறுப்பு. கேமராவைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது.

"அவ்ளோதானுங்களா?" என்றான் நஞ்சுண்டன். கேலி இல்லை, எதிர்பார்த்தது நடந்த சோர்வுதான். "போதுமுங்க்கா. நீங்க சிரமப்பட வேண்டாம். அம்மா, எந்திரி." மாசாணியம்மாள் எழவில்லை. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹராஜுக்கு முகம் சுட்டது. வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டிய நீளம் அன்னூர்க் காட்டில் வைத்து மறுபடியும் அவள் மானத்தை வாங்கிவிட்டது என்றே நினைத்தாள். கண்ணாடி இழை எங்காவது மடங்கிவிட்டதா? குழாய்க்குள் ஈரம் புகுந்துவிட்டதா? ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேபிளின் மேல்முனையில் மீட்டரை வைத்தபோது கை நின்றது. கீழே போகிற கரண்ட் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியென்றால் நூற்று நாற்பது அடிக்குக் கீழே கேமரா சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டியில் கண்ணாடி இழைக்கான பச்சை விளக்கும் அணையவில்லை. எண்ணூறு அடிக் கேபிளில் ஒரு குறையும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு முழ ஒயர். பெட்டியிலிருந்து அதை உருவினாள். நுனி மஞ்சளாக இருந்தது. சந்தனம் மணத்தது.

பொட்டு பெட்டியின் வாயிலேயே விழுந்திருக்கிறது. ஈரச் சந்தனம் மெல்ல உள்ளே இறங்கித் தகடுகளுக்கு நடுவே படிந்து பேச்சை நிறுத்தியிருக்கிறது. மெஹராஜுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நுனியை உயர்த்திக் காட்டினாள். மாசாணியம்மாளுக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அம்மணி, நானே கெடுத்துப்போட்டனுங்களா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. "நீங்க நல்லதுக்குப் பொட்டு வெச்சீங்க. வாயப் பாக்காம சொருகுனது நானுங்க்கா" என்றாள். ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துப் பெட்டியின் வாயைத் துடைத்துக் காயவைத்து, புது ஒயரை மாட்டினாள்.

படம் வந்துவிட்டது. அதே நூற்று நாற்பதாவது அடியில், மெல்ல ஆடிக்கொண்டு, விட்ட இடத்திலேயே பாறை நின்றது. கேட்பதற்கு ஆளில்லாத அந்த அரைமணி நேரமும் கேமரா பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜாவித் மறுபடி உருளையை விட்டான். மெஹராஜ் நூறு போருக்கு மேல் பார்த்துவிட்டாள். இருந்தும் அவளுக்கு இது பழகவில்லை. சாம்பல் பாறை முடிந்து ரோஸ் நிறப் பாறை வந்தது. அதன் குறுக்கே வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் ஒரு கை அகலத்துக்கு ஓடியது. காக்காப்பொன் பொடிகள் விளக்கு பட்டு ஆயிரம் இடத்தில் மினுங்கின. மனிதர்கள் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னால் உறைந்து, அன்றிலிருந்து இருட்டில் கிடந்தவை.

முந்நூறு அடியில் மாசாணியம்மாள் திரையைத் தொடாமல் விரலை மட்டும் அருகே கொண்டுபோனார். "ஏனுங்க அம்மணி" என்றார் மெதுவாக. "மேல இருக்கற மண்ணுதான் எம்பேருல எழுதுனதுன்னு நெனச்சிருந்தேன். இத்தன ஆழமும் என்றதுங்களா?"

சட்டம் என்ன சொல்கிறதென்று மெஹராஜுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அப்போது விருப்பமில்லை. "உங்களதுதானுங்க்கா. மொதல்ல பாக்கறதும் நீங்கதான்" என்றாள்.

முந்நூற்று எண்பதில் ஜாவித் உருளையை நிறுத்தினான். போரின் பக்கச் சுவரிலிருந்து ஒரு பாறைச் சில்லு பெயர்ந்து, குறுக்கே விழுந்து, துளையை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஓரமாக மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு சந்து. அந்தச் சில்லின்மேல், யாரோ எடுத்து வைத்ததுபோல, மூன்று கூழாங்கற்கள் இருந்தன.

நஞ்சுண்டன் முன்னால் சாய்ந்தான். "அது... நான் போட்ட கல்லுங்க" என்றான்.

மூன்றும் காய்ந்து கிடந்தன. அவன் கேட்ட சத்தம் அடியிலிருந்து வந்ததே இல்லை. பாதி வழியில், இந்தச் சில்லிலிருந்து வந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

"அக்கா, குழாய் ரெண்டு இஞ்ச், சந்து மூணு வெரலு" என்றான் ஜாவித். "உள்ள போயிரும். மேல வரும்போது மாட்டுச்சுன்னா நம்ம கேமராவ மறந்துர வேண்டியதுதான்."

மூன்று வருஷம் தூக்கத்தைத் தின்ற கேமரா. மெஹராஜ் மாசாணியம்மாளைப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "விடு" என்றாள் தம்பியிடம்.

குழாய் சில்லில் மோதியது, விலகியது, மறுபடி மோதியது. படம் முழுக்கக் கல்லும் புழுதியும். கேபிளை விரலில் வைத்து ஜாவித் பட்டம் விடுகிறவனைப்போல் சுண்டினான். நாலாவது தடவை சுண்டியதில் குழாய் வழுக்கிச் சந்துக்குள் இறங்கியது. கீழே லென்ஸில் ஆவி படிந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. நஞ்சுண்டன் பெருமூச்சு விட்டான்.

அப்போது லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக்.

கேமராவிலேயே ஒரு மைக் உண்டு. இவ்வளவு நாளும் கேபிள் உரசுகிற கரகரப்பைத் தவிர அது எதையும் கொடுத்ததில்லை. டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக் டொக். எவர்சில்வர் குழாயின் தலையில் ஏதோ சொட்டுகிறது. மாசாணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். சொட்டுச் சத்தம் நெருக்கமாகி, தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல் ஆனது. ஜாவித் அடி அடியாக விட்டான். லென்ஸில் நீர் வழிந்து ஆவி கழுவிப்போனதும் படம் தெளிந்தது. மேலிருந்தே பாறையில் கசிந்துகொண்டு வந்த ஒரு விரிசல் நானூற்று முப்பதாவது அடியில் வாய் பிளந்திருந்தது. அதிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் வந்து சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. இன்னும் இருபத்தைந்து அடி கீழே கேமராவின் விளக்கை அதற்கே திருப்பிக் காட்டிக்கொண்டு, அசையாமல், தெள்ளத்தெளிவாக நீர்மட்டம் நின்றது. அதன்மேல் சொட்டுகள் விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தன. போரின் ஆழம் எண்ணூறு. அடிவரை நிறைந்திருந்தால் முந்நூற்று நாற்பத்தைந்து அடிக்குத் தண்ணீர்.

மெஹராஜ் அழுதுகொண்டிருந்தாள். எப்போது தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நானூறு அடிக்குக் கீழே இருக்கிற ஒரு சொட்டு, முடியளவு கண்ணாடி வழியாக ஏறி, கேள்வியும் பதிலுமாக ஓடிவந்து, இந்த வேனுக்குள் டொக் என்று கேட்கிறது. அவள் கையால் கோத்த கம்பிதான். ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை.

"போர் லாரிக்காரரக் கூப்புட்டு, காத்தடிச்சு ஃப்ளஷிங் பண்ணச் சொன்னா அந்தச் சில்லு ஒடைஞ்சு வெளிய வந்துரும்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "புதுப் போரே வேண்டாங்க." பிறகு தம்பியிடம், "சுத்து. மெதுவா" என்றாள்.

"சித்த நேரம் இருக்கட்டும் அம்மணி" என்றார் மாசாணியம்மாள். கண் திறந்திருந்தது, திரையை விட்டு அகலவில்லை. ஜாவித் கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே நின்றான்.

நஞ்சுண்டன் செல்போனை எடுத்தான். மனை பார்ட்டியின் நம்பரைத் தேடினான். தேடியவன் அழைக்காமல், போனைப் பையில் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆறு மாதமாக அவன் எத்தனையோ பேரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறான். ஒருவரிடம் மட்டும் பேசியதில்லை.

"அம்மா" என்றான். "காட்டக் குடுக்கறதா வேண்டாமா? நீ என்ன சொல்ற?"

அவன் கேட்டு முடிக்கவில்லை. பதில் வந்துவிட்டது.

"குடுக்க வேண்டாங் கண்ணு."